ஓலைக்கு மேலே கால்சட்டை

இதை எனக்கு முதலில் சொன்னவள் காப்பிப் படகு லியூ. போன வருஷம் ஈஸ்டர் கழிந்த மறு ஞாயிறு, முதல் பூசை முடிந்து ஆற்றங்கரைக் கோயில் படித்துறையில் நான் குடையைத் தேடிக்கொண்டிருந்தபோது சொன்னாள். அவள் சிரிக்காமல்தான் சொன்னாள். நானும் சிரிக்காமல்தான் கேட்டேன். வீட்டுக்கு வந்து அரிசி களையும்போதுதான் சிரிப்பு வந்தது. அடுத்த வீட்டுச் சங்கடத்தை நினைத்துச் சிரித்ததற்கு ஆண்டவரிடம் அன்றைக்கே மன்னிப்பும் கேட்டுக்கொண்டேன். அவர் மன்னித்திருப்பார். அவரும் மேலே இருந்து பார்த்துக்கொண்டுதானே இருந்திருப்பார்.

ஆற்றில் படகுகளிலேயே நடக்கும் எங்கள் காய் ராங் மிதக்கும் சந்தையில் அன்னாசி விற்கும் பெரிய படகு கியெமுடையது. கியெம் என்றால் எங்கள் பக்கம் அடக்கம் என்று அர்த்தம். பெயர் வைத்தவர்கள் நல்ல எண்ணத்தோடுதான் வைத்தார்கள். கடையும் அந்தப் படகுதான், வீடும் அந்தப் படகுதான். முன்பக்கம் அன்னாசிக் குவியல். பின்பக்கம் அடுப்பு, பாய், மாதா படம், யாரைக் கண்டாலும் வாலாட்டும் ஒரு காவல் நாய். முப்பத்தொரு வருஷமாக அவரும் மனைவி சென்னும் அதிலேயே குடியிருந்தார்கள். பிள்ளைகள் இரண்டும் அதில்தான் பிறந்தன. இப்போது கரையேறி, கல்யாணம் முடித்து, சிமென்ட் வீட்டில் இருக்கின்றன. மகள் வீட்டில் ஒரு ராத்திரி தங்க நேர்ந்தால் சென்னுக்குத் தூக்கம் வராது. கட்டில் ஆடவில்லையே, எப்படி வரும்? "காலால கொஞ்சம் ஆட்டி விடேன்டி" என்று மகளைக் கேட்டிருக்கிறாள்.

அந்தப் படகைத்தான் விற்றுவிடுவது என்று கியெம் முடிவெடுத்தார்.

காரணம் அவருடைய தம்பி. தம்பி சுற்றுலாப் படகு ஓட்டுகிறான். விடிகாலை ஐந்து மணிக்கு வெளிநாட்டுக்காரர்களை ஏற்றிக்கொண்டு வந்து சந்தையைச் சுற்றிக் காட்டுவான். எட்டரைக்கு அவர்களைக் கரையில் இறக்கிவிட்டால் அவன் வேலை முடிந்தது. வெள்ளைச் சட்டை, நீலத் தொப்பி. ஏறுகிறவர்கள் எல்லாரும் அவனைக் 'கேப்டன்' என்கிறார்கள். கியெமை இத்தனை வருஷத்தில் ஒருவரும் கேப்டன் என்று கூப்பிட்டதில்லை. "ஏ அன்னாசி!" என்றுதான் கூப்பிடுவார்கள். பெரிய படகை விற்று, நாற்காலி போட்ட சின்னப் படகு ஒன்று வாங்கி, கரையில் ஓர் அறை பார்த்துக்கொண்டால் அவரும் கேப்டன்தான்.

சென்னிடம் சொல்லியிருக்கலாம். சொன்னால் அவள் மாட்டேன் என்று சொல்கிறவள் இல்லை. "செய்யலாமே" என்பாள். அதுதான் ஆபத்து. அவள் செய்யலாமே என்று சொன்ன எந்தக் காரியமும் அந்தப் படகில் நடந்ததே கிடையாது. வாத்து வளர்க்கலாம் என்றார், செய்யலாமே என்றாள். மீசை வைக்கலாம் என்றார், செய்யலாமே என்றாள். இன்றுவரை அவருக்கு வாத்தும் இல்லை, மீசையும் இல்லை.

ஆகவே வாயே திறக்காமல் முடிப்பது என்று தீர்மானித்தார். அதற்கு ஆற்றில் வழி இருந்தது.

எங்கள் சந்தையில் யாரும் கூவி விற்பதில்லை. மோட்டார் சத்தத்தில் கூவினால் கூவினவர் காதிலேயே விழாது. விற்கிற பொருளில் ஒன்றை உயரமான மூங்கில் கழியின் உச்சியில் கட்டிவிட்டால் போதும். பூசணி தொங்கினால் பூசணிப் படகு, வெங்காயம் தொங்கினால் வெங்காயப் படகு. கூரை வேயும் ஓலை ஒன்று தொங்கினால் அந்தப் படகே விலைக்கு வந்திருக்கிறது என்று அர்த்தம். ஓலை வாய் பேசாது. ஆனால் அரை மணி நேரத்தில் ஆறு முழுக்கச் சொல்லிவிடும்.

குவோய் என்று ஒருவர் கரையோரமாகப் படகைக் கட்டிக் காப்பிக் கடை நடத்த நினைத்திருந்தார். வியாழக்கிழமை சென் மீன் வாங்கப் போயிருந்த சமயம் வந்து பார்த்தார். "படகு பிடிச்சிருக்கு. ஆனா ஓலை ஏறாத படகுக்கு நான் விலை பேச மாட்டேன். குடும்பத்துல பாதிப்பேர் சம்மதம், பாதிப்பேர் சண்டைன்னு ஒரு தடவை பட்டுட்டேன். ஞாயித்துக்கிழமை ஏழு மணிக்கு வரேன். ஓலை இருந்தா பேசுவோம்" என்றார்.

ஞாயிறு காலை நாலரைக்குச் சென் சின்னத் தோணியில் பூசைக்குக் கிளம்பினாள்.

"போயிட்டு வரேங்க. உங்களுக்கும் சேத்து வேண்டிக்கிறேன்."

"எனக்கென்ன? நான் நல்லாத்தானே இருக்கேன்?"

"ரெண்டு நாளா ரொம்ப நல்லா இருக்கீங்க. அதான் பயமா இருக்கு."

துடுப்புச் சத்தம் மறைந்ததும் கியெம் கழியைச் சாய்த்தார். அன்னாசிக்கு மேலே ஓலையைக் கட்டினார். முடிச்சை இரண்டு தரம் இழுத்துப் பார்த்தார். கழியை நிமிர்த்தி நிறுத்தியபோது நாட்டுக்கே கொடி ஏற்றியவர்போல் மார்பு நிமிர்ந்தது.

முதலில் வந்தவள் லியூ. ஓலையைப் பார்த்தவள் காப்பியைக் கோப்பைக்கு வெளியே ஊற்றினாள்.

"அண்ணே! வீட்டையா விக்கிறீங்க? அக்காவுக்குத் தெரியுமா?"

"அவ சொல்லித்தான் கட்டினேன்."

"அக்காவா சொன்னாங்க?"

"பின்ன? அவளைக் கேக்காம நான் என்னிக்கு என்ன செஞ்சிருக்கேன்?"

"அதாண்ணே எனக்கும் ஆச்சரியமா இருக்கு" என்றாள் லியூ. ஞாயிறுதோறும் பூசை விடும் நேரத்துக்கு அவள் கோயில் படித்துறைக்குக் காப்பி கொண்டுபோவது வழக்கம். அன்று வழக்கத்தைவிட வேகமாகத் துடுப்புப் போட்டாள்.

அடுத்து ஒரு சுற்றுலாப் படகு வந்து நின்றது. வழிகாட்டிப் பெண் கையில் ஒலிபெருக்கி. ஒவ்வொன்றையும் இரண்டு மொழியில் சொன்னாள், எங்கள் மொழியில் சொன்னது ஆற்றுக்கே கேட்டது. "கழியில என்ன தொங்குதோ அதை விப்பாங்க. நூடுல்ஸ், காப்பி தொங்காது, ஆனா விப்பாங்க. துணி தொங்கும், ஆனா விக்க மாட்டாங்க, அது காயுது. அதோ பாருங்க, ஓலை! அந்த ஐயா தன் வீட்டையே விக்கிறாரு!"

இருபது கேமராக்கள் திரும்பின. கியெம் முகத்தைக் கேப்டன்போல் வைத்துக்கொண்டார். நரைத்த தலையோடு ஓர் அம்மாள் ஏதோ கேட்டார்.

"ஐயா, இந்த அம்மா கேக்குறாங்க. வித்துட்டு எங்க இருப்பீங்க?"

"கரையில."

"வீட்டம்மாவுக்குக் கரை பிடிக்குமான்னு கேக்குறாங்க."

"மோட்டார் சத்தத்துல ஒண்ணும் கேக்கலம்மா" என்றார் கியெம். மோட்டாரை நிறுத்தி ஐந்து நிமிஷம் ஆகியிருந்தது.

அந்தப் படகு போன பிறகு அந்தக் கேள்வி மட்டும் போகாமல் நின்றது. காலால் கட்டிலை ஆட்டச் சொன்ன கதை ஞாபகம் வந்தது. அவளுக்குப் பழகிவிடும் என்று நினைத்துக்கொண்டார். பெட்டியிலிருந்து மகள் கல்யாணத்துக்குத் தைத்த பழுப்புக் கால்சட்டையை எடுத்துப் பாயில் விரித்து வைத்துவிட்டு, பின்பக்கம் ஆற்றில் இறங்கிக் குளித்தார். விலை பேசும்போது அன்னாசி வாசம் வரக்கூடாது.

முன்னே அவர் கேமராக்களுக்கு முகம் காட்டிக்கொண்டிருந்த அதே நேரம், படித்துறையில் லியூ கேட்டுக்கொண்டிருந்தாள். "அக்கா, நீங்க சொல்லித்தான் அண்ணன் ஓலை கட்டினாராமே?"

சுற்றிலும் பத்துப் பேர் காப்பியும் கையுமாக நின்றார்கள். நானும் நின்றிருந்தால் சென்னின் முகத்தைப் பார்த்திருக்க முடியாது, தலையைக் குனிந்திருப்பேன். அவள் ஒரு நொடிகூடத் தயங்கவில்லை. "ஆமா, நான்தான் சொன்னேன்" என்றாள். திரும்பக் கோயிலுக்குள் போனாள். ஒரு ஜெபமாலை சொல்லும் நேரம் உள்ளே இருந்தாள். பிறகு தோணியில் ஏறினாள்.

கியெம் குளித்துவிட்டு ஏறும்போது மணி ஆறே முக்கால். தோளில் போட்டிருந்த கட்டம் போட்ட துண்டை இடுப்பில் சுற்றினார். அது தலையில் கட்டுகிற துண்டு. இடுப்பைச் சுற்றி வந்ததும் முடிச்சுப் போட நுனி மிஞ்சவில்லை. இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு உள்ளே வந்தார். பாயில் கால்சட்டை இல்லை. வேலைக்குப் போடுகிற மற்ற இரண்டும் இல்லை.

வெளியே தண்ணீர் சொட்டும் சத்தம் கேட்டது.

"சென்? வந்துட்டியா? என் பேன்ட் எங்க?"

"ஞாயித்துக்கிழமையாச்சே. எல்லாத்தையும் துவைச்சுட்டேன். காயுது."

"எங்க காயுது?"

"மேல பாருங்க."

பார்த்தார். கழியில் கீழே அன்னாசி, அதற்கு மேலே ஓலை, அதற்கும் மேலே உச்சியில் பழுப்புக் கால்சட்டை. இரண்டு காலையும் விரித்துக்கொண்டு காற்றில் நடந்தது. அவர் ஏற்றியதும் கொடிதான், அவள் கட்டியதும் கொடிதான். ஆனால் அவளுடையது துணிக்கொடி.

கழியைச் சாய்க்க இரண்டு கை வேண்டும். துண்டைப் பிடிக்க இரண்டு கை வேண்டும். ஆண்டவர் மொத்தமே இரண்டுதான் கொடுத்திருந்தார். வெளியே அடுத்த சுற்றுலாப் படகு வேறு வந்துகொண்டிருந்தது.

ஏழு மணிக்குக் குவோயின் படகு வந்து நின்றது.

"என்னம்மா இது? ஓலை தெரியுது. ஆனா அதுக்கு மேல..."

"மேல என்னண்ணே தெரியுது?"

"பேன்ட் தெரியுது."

"துணியை விக்கிறதுக்கா கட்டுவாங்க?"

"இல்ல. துணி தொங்குனா விக்கிறதில்ல."

"சரியாத்தான் படிச்சிருக்கீங்க."

"அப்ப ஓலை?"

"கூரை மாத்தப் போறோம்ணே. இந்தத் தினுசு ஓலைதான் வேணும்னு ஓலைக்காரங்களுக்குத் தெரியட்டும்னு இவர் மாதிரிக்கு ஒண்ணு கட்டினாரு. காலையிலேருந்து எல்லாரும் தப்பாவே புரிஞ்சுக்கறாங்க."

"கியெமே விக்கிறேன்னு என்கிட்ட வியாழக்கிழமை சொன்னாரேம்மா. இருக்காரா?"

"உள்ளதான் இருக்காரு. ஏங்க, வெளிய வாங்க. அண்ணன் கூப்பிடறாரு."

உள்ளேயிருந்து கியெமின் குரல் வந்தது. "நான்... ஜெபம் பண்ணிட்டு இருக்கேன்."

"பாருங்கண்ணே" என்றாள் சென். "பூசைக்கு வராட்டியும் பக்தி இருக்கு."

அவர் சொன்னது பொய்யும் இல்லை. அந்த நேரத்தில் அவர் ஜெபித்ததுபோல் எங்கள் பங்குக் கோயிலில் யாரும் ஜெபித்திருக்க மாட்டார்கள். கையைக் குவிக்கத்தான் முடியவில்லை.

குவோய் ஓலையைப் பார்த்தார், கால்சட்டையைப் பார்த்தார், சென்னைப் பார்த்தார். "பாதிப்பேர் சம்மதம்னா நான் நிக்கறதில்லம்மா" என்று சொல்லி ஓர் அன்னாசி வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

சென் உள்ளே வந்து அவர் எதிரில் உட்கார்ந்தாள். ஜெபமாலை இன்னும் கையில் இருந்தது. அவள் சத்தம் போட்டிருந்தால் கியெமுக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"நான் குடியிருக்கிற வீடு விலைக்கு வந்ததை லியூ சொல்லித்தான் நான் தெரிஞ்சுக்கணுமா? ஆத்துல இருக்கிறவங்களுக்கெல்லாம் ஓலை போட்டீங்க. எனக்கும் ஒரு ஓலை அனுப்பியிருக்கலாமே."

கியெம் துண்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். "அறுபதாகப் போகுது சென். அன்னாசி தூக்க முடியல."

"தூக்கினது யாரு?"

தூக்கினதும், வாங்குகிறவர் படகுக்கு வீசினதும் அவள்தான். அவர் விலை பேசுவார்.

"நான் வேண்டாம்னா சொல்லியிருப்பேன்?"

"செய்யலாமேன்னு சொல்லியிருப்பே."

அவள் உதடு லேசாக அசைந்தது. சிரிப்பு வரை போகவில்லை. "தள்ளாமை வரும். வித்துத்தான் ஆகணும்னு ஒரு நாள் வரும். அன்னிக்கு நீங்க கழியைப் பிடிங்க, நான் முடிச்சுப் போடறேன். ரெண்டு பேருமா சேந்து அழுதுட்டு ஏத்துவோம். தனியா ஏத்தாதீங்க."

"சரி" என்றார். "இனிமே மாட்டேன்." சற்றுப் பொறுத்து, "இப்ப பேன்டைக் கொடேன்" என்றார்.

"காயட்டும். இன்னொண்ணு. பூசை பாத்துட்டு வந்த வாயால உங்க மானத்துக்காகப் பொய் சொல்லிட்டேன், கூரை மாத்தறோம்னு. அது பொய்யா நிக்கக் கூடாது."

"கூரைதான் ஒழுகவே இல்லையே!"

"அதான் சொல்றேன். பொய்யாயிடும். எண்பது ஓலை வேணும், நாளைக்கு வாங்கிட்டு வந்துடுங்க."

திங்கள் முதல் சனி வரை கியெம் கூரைமேல் இருந்தார். தினமும் விடிகிற நேரத்தில் தம்பியின் சுற்றுலாப் படகு அந்தப் பக்கமாக வரும். புதன்கிழமை அதிலிருந்து யாரோ "கேப்டன்!" என்று உற்சாகமாகக் கூப்பிட்டார்கள். கியெம் கூரைமேல் எழுந்து நின்று கையை உயர்த்தினார். அவர்கள் தம்பியைக் கூப்பிட்டிருந்தார்கள்.

இப்போது அந்தச் சந்தையிலேயே அழகான கூரை அவர்களுடையதுதான். பார்க்கிறவர்கள் எல்லாம் படகைக் கொடுப்பீர்களா என்று கேட்க ஆரம்பித்துவிட்டார்கள். அதனால் ஞாயிறுதோறும் பூசைக்குக் கிளம்பும் முன்பு சென் அவருடைய கால்சட்டை மூன்றையும் துவைத்து, பழுப்பை உச்சியில் ஏற்றிவிட்டுத்தான் தோணியில் ஏறுகிறாள்.

உங்களிடம் ஒன்றே ஒன்று கேட்டுக்கொள்கிறேன். விடிகாலையில் சுற்றுலாப் படகில் அந்தப் பக்கம் போக நேர்ந்து, அன்னாசிக்கு மேலே கால்சட்டை காய்வதைப் பார்த்தால், தயவுசெய்து அவரை வெளியே கூப்பிட்டு விடாதீர்கள்.