பியூகிள் நின்றதும் பேசிய மாப்பிள்ளை

நாம் பேசும்போது ஒரு கூட்டம் இருமாமல், கொட்டாவி விடாமல், கொசுவைக்கூட அடிக்காமல் நின்று கேட்டால் நமக்குச் சந்தேகம் வர வேண்டும். எனக்கு வரவில்லை. சிதம்பரத்தில் கல்லூரிப் பிள்ளைகளுக்குச் சரித்திரம் நடத்துகிறவன் நான். அப்படியொரு கூட்டத்துக்காக ஏங்கிக் கிடந்தவன்.

என் மாமனார் ரிட்டையர்ட் சுபேதார். முன்னாள் படைவீரர்கள் ஆண்டுதோறும் மஞ்சக்குப்பத்தில் நடத்தும் அஞ்சலிக் கூட்டத்தில் பேச என்னை அழைத்தார். காரணம், ஸ்டெல்லா அக்கா. அவர் கணவர் மாமனாரோடு ராணுவத்தில் வேலை பார்த்தவர். வெளிமாநிலத்தில் வெள்ளம் வந்தபோது ஜனங்களைப் படகில் மீட்கப் போய், ஆற்றோடு போய்விட்டார். இறந்தவரின் தங்கை லூர்து மேரிக்கு அது ஆறவே இல்லை. "சண்டையில போயிருந்தா ஒரு பேராவது இருந்திருக்கும். வெறுந் தண்ணியில போச்சே எங்கண்ணன்" என்று போகிற இடமெல்லாம் புலம்புவார். ஸ்டெல்லா அக்கா தலையைக் குனிந்துகொள்வார்.

"மாப்ள, எங்க கமாண்டோட ஹிஸ்டரிய எடுத்துச் சொல்லுங்க. வெள்ளத்துல எறங்குறதும் அதோட வேலதான்னு லூர்து மேரி காதுல விழுவணும். பியூகிள் முடிஞ்சதும் ஆரம்பிச்சிடுங்க" என்றார் மாமனார். புனேயில் இருக்கும் தென்பகுதி ராணுவத் தலைமையகத்தைத்தான் 'எங்க கமாண்ட்' என்பார். (என்னமோ பாட்டன் எழுதி வைத்த சொத்து மாதிரி!)

மலர்வளையம் வைத்தார்கள். பியூகிள் ஊதினார்கள். சத்தம் நின்றது. நான் மைக்கைப் பிடித்தேன்.

"அனைவருக்கும் வணக்கம்!"

ஒருவரும் அசையவில்லை. ஆகா, ராணுவ ஒழுக்கம் என்றால் இதுவல்லவா என்று எனக்குப் புல்லரித்தது. கம்பெனிக் காலத்து மெட்ராஸ், பம்பாய்ப் படைகளில் ஆரம்பித்தேன். அந்த வழியில் இந்தத் தலைமையகம் உருவானதைச் சொன்னேன். ஹைதராபாத்துக்குப் படை போனதைக் கையை வீசி விளக்கினேன். விறைத்து நின்ற மாமனாரின் நெற்றி நரம்பு புடைத்தது. (மருமகனைப் பற்றிய பெருமிதம் என்று நினைத்துக்கொண்டேன்.) கோவாவுக்குள் நுழைந்திருப்பேன், பியூகிள் மறுபடி அலறியது.

அப்புறம்தான் விஷயமே புரிந்தது. பியூகிள் இரண்டு முறை ஊதுவார்கள். நடுவில் இருப்பது மௌன அஞ்சலி. அட்டென்ஷனில் நிற்கிறவர்கள் அப்போது அசையக் கூடாது என்பதால்தான் என் வாயை யாரும் பொத்தவில்லை. பாவி, இறந்தவர்களுக்கென்று இருந்த நேரத்தை முழுசாகப் பேசியே தீர்த்துவிட்டேன்! மீதிப் பேச்சு வரவே இல்லை. மேடையை விட்டு இறங்கிப் பந்தலுக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டேன்.

ஸ்டெல்லா அக்கா தேடிக்கொண்டு வந்தார். கூடவே லூர்து மேரி.

"தம்பி, கோவா வரிக்கும் வந்தீங்க. வெள்ளத்துக்கு வரவேயில்லியே" என்றார் அக்கா. குரலில் கோபம் இல்லை. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

"மன்னிச்சிடுங்கக்கா."

"அது கெடக்கட்டும். இவுங்க கேக்கணும், சொல்லுங்க."

மைக் இல்லாமல் சொன்னேன். உள்ளூர் அதிகாரிகளால் முடியாதபோது ராணுவத்தைக் கூப்பிடுவார்கள், மேலிடத்திலிருந்து உத்தரவு வரும், எல்லைக்குப் போ என்றாலும் வெள்ளத்துக்குப் போ என்றாலும் சிப்பாய்க்கு அது ஒரே உத்தரவுதான் என்றேன். "உங்கண்ணன் ட்யூட்டியில போனவரும்மா."

லூர்து மேரி, "அவுரு ஏத்திவுட்ட ஜனங்க பொழச்சாங்களா?" என்று கேட்டார்.

அது எனக்குத் தெரியாது. என்னைத் திட்டுவதற்காகப் பல்லைக் கடித்துக்கொண்டு வந்த மாமனார்தான் பதில் சொன்னார்: "அத்தினி பேரும் பொழச்சாங்கம்மா. நான் அங்கதான் இருந்தேன்."

லூர்து மேரி அண்ணியைக் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதார். மாமனார் என்னைத் திட்ட மறந்துவிட்டார்.

ஆனால் வீட்டில் யாரும் எதையும் மறக்கவில்லை. நாலு பேர் சேர்ந்தாற்போல் பேச்சை நிறுத்தினால் போதும், "அப்பா, மைக்க ஒளிச்சி வைங்க, இவுரு ஆரம்பிச்சிடப் போறாரு" என்பாள் என் மனைவி.

போன வருடமும் அஞ்சலிக்குப் போயிருந்தேன். லூர்து மேரி கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து என் பக்கத்தில் நின்றார். பியூகிள்காரர் அதை உதட்டருகே கொண்டுபோகும்போது என் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தார்.

"இது எங்கண்ணனோட நேரம். நடுவுல வாயத் தொறந்தீங்க, கொன்னுடுவேன்."