சந்தனத்தில் வழுக்கிய சேம்சைடு கோல்

முதலிலேயே மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். நான் ஐந்தாம் வகுப்புவரை படித்தவள். எழுத்து கோணலாகப் போகும். ஒன்றைச் சொல்ல வந்து இன்னொன்றைச் சொல்லிவிடுவேன். பெயர், நேரம் எல்லாம் மறந்துபோகும். கோபம் மட்டும் மறப்பதில்லை. ஆறு வருடம் ஆகிறது, அந்த ஞாயிற்றுக்கிழமையை நினைத்தால் இன்னும் துணியைக் கல்லில் ஓங்கி அடிக்கிறேன். (அழுக்குப் போக அடிப்பது வேறு. இது அது இல்லை.)

நான் எங்கேயும் பேசாதவள். ரேஷன் கடையில் எடை குறைத்துப் போட்டாலும் பையை வாங்கிக்கொண்டு வந்துவிடுவேன். வீட்டுக்கு வந்து பையைத் திட்டுவேன். அப்படிப்பட்டவள் வாழ்க்கையில் முதல் முறையாக ஒரு கூட்டத்தில் எழுந்து பேசினேன். அதனால் பதினேழு பேருக்குத் தலைமுடி போயிற்று. பதினேழில் ஒன்று என்னுடையது.

எங்கள் திருத்தணியில் மலையடி கால்பந்துக் கழகம் என்று ஒன்று இருக்கிறது. அப்போது மாவட்ட லீக்கில் இரண்டாம் டிவிஷனில் ஆடிக்கொண்டிருந்தது. பேப்பரில் பெயர் வராது. ஊரிலேயே பாதிப் பேருக்குத் தெரியாது. என் பெரிய மகன் அதில் லெஃப்ட் பேக் ஆடினான். முட்டி போய், அவன் ஆட்டத்தை நிறுத்திவிட்டான். நான் ஜெர்சி துவைப்பதைத்தான் நிறுத்த முடியவில்லை. எங்கள் வீடு மைதானத்துச் சுவரை ஒட்டியிருக்கிறது, போர் தண்ணீர் இருக்கிறது. மேட்ச் முடிந்ததும் அழுக்கு மூட்டை சுவர் மேலே ஏறி வந்து என் முற்றத்தில் விழும். அப்போதே பதினெட்டு வருடமாக விழுந்துகொண்டிருந்தது. யார் ஓடினான், யார் நின்ற இடத்தில் நின்று கையை நீட்டி அடுத்தவனைத் திட்டினான் என்பதெல்லாம் துணியைப் பார்த்தே சொல்லிவிடுவேன். பையன்கள் என்னை ஜெர்சியம்மா என்பார்கள்.

அந்த வருடம் கடைசி மேட்சுக்கு ஒரு வாரம் இருக்கும்போது செயலாளர் ஜெயவேலு கூட்டம் போட்டார். (ஜெராக்ஸ் கடை வைத்திருப்பவர். மை பூசிய முடி, ஒரு முடி இடம் மாறினாலும் ஜெராக்ஸ் மெஷின் கண்ணாடியில் பார்த்துச் சரி செய்வார்.) மலையடிவாரத்துச் சத்திரம் ஒன்றின் ஹாலில் கூட்டம். மெட்ராஸிலிருந்து ஒருவர் வந்திருந்தார். கால்பந்துப் பயிற்சிப் பள்ளி நடத்துகிறவராம். எங்கள் கிளப்பை எடுத்துக்கொள்கிறாராம்.

எடுத்துக்கொள்வது என்றால் என்னவென்று அவர்கள் பேசியதை வைத்துப் புரிந்துகொண்டேன். பெயரை மாற்றுவார். ஆட்டக்காரர்களை மாற்றுவார். ஆட்டம் மெட்ராஸ் பக்கம் நடக்கும். அப்புறம் இங்கே என்ன மிஞ்சும்? கோல்போஸ்ட் மிஞ்சும். அதில் நான் துணி காயப்போட்டுக்கொள்ளலாம்.

அவர் வெள்ளை ஷூ போட்டிருந்தார். அதில் ஒரு பொட்டுத் தூசி இல்லை. பத்து வாக்கியம் பேசினார் என்றால் ஏழில் ‘இரண்டாம் டிவிஷன் இடம்’ என்று வந்தது. கிளப் பெயரை ஒரு முறைகூடச் சொல்லவில்லை. மரமண்டை எனக்கு அப்போதே உறைத்திருக்க வேண்டும்.

ரசிகர்கள் நாற்பது பேர் வந்திருந்தார்கள். மைதானத்துக்கு நாற்பது பேர் ஒரு நாளும் வந்ததில்லை. கிளப் போகப்போகிறது என்றதும் இழவுக்கு வருவதுபோல வந்துவிட்டார்கள். முன்வரிசையில் நாலு இளைஞர்கள், நாலு பேரும் ஏதோ வெளிநாட்டு டீமின் சிவப்பு ஜெர்சியில். டிவியில் ஆடுவதைப் பார்த்துவிட்டு நம்மாட்கள் ஆடுவதைப் பார்த்தால் கண் வலிக்கிறதாம், இந்தக் காலத்தில் பயிற்சி இல்லாத டீமுக்கு இடமில்லையாம், வருகிறவரிடம் கொடுத்துவிடுவதுதான் நல்லதாம். அவர்கள் ஜெர்சியைப் பார்த்தேன். ஒரு பொட்டு மண் இல்லை.

ரிடையரான டிரில் மாஸ்டர் ஒருவர் எழுந்தார். பந்தைத் தூக்கி அடிப்பதை விட்டுவிட்டுத் தரையில் கொடுத்துக் கொடுத்து ஆட ஆரம்பித்த அன்றே கால்பந்து செத்துவிட்டது என்றார். சிவப்புச் சட்டைகள் சிரித்தார்கள். அவருக்குக் கோபம் வந்துவிட்டது. அப்புறம் அரை மணி நேரம், தூக்கி அடிப்பதா தரையில் கொடுப்பதா என்று சண்டை. பாடை தயாராக நிற்கிறது, எந்தத் தெரு வழியாக எடுப்பது என்று சண்டை போடுகிற மாதிரி இருந்தது. செயலாளர் ரசித்துக் கேட்டுக்கொண்டிருந்தார். இவர்கள் இப்படியே பேசி ஓய்ந்தால் கையெழுத்துச் சுலபம் என்பது அவர் கணக்கு.

ஒரே ஒருவன்தான் விஷயத்தைப் பேசினான். முனி, எங்கள் கோல்கீப்பர். ஆர்.கே.பேட்டையில் பவர்லூம் ஓட்டுகிறவன்.

“வாரம் பூரா தறி சத்தத்துல காது அடச்சிப் போவுதுங்க. ஞாயித்துக்கிழம இங்க வந்து நின்னாத்தான் எனுக்குக் காது தொறக்குது. இத்தையும் எடுத்துக்கினு போய்ட்டா நான் இன்னாத்துக்கு எழுந்துக்கணும்?” என்றான்.

செயலாளர், “சரி, உணர்ச்சி வேற, நிர்வாகம் வேற” என்று அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டது. தூணுக்குப் பின்னால் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தவள், எனக்கே தெரியாமல் கையைத் தூக்கியிருந்தேன்.

“யாரும்மா அது? நீ மெம்பரா?” என்றார் செயலாளர். (நன்றாகத் தெரியும் நான் யாரென்று. அவர் பேரனின் ஜெர்சியையும் நான்தான் துவைத்தேன்.) “மெம்பருங்க மட்டும்தான் பேசலாம். துணி விஷயம்னா அப்பால வா.”

எல்லாரும் சிரித்தார்கள். வெள்ளை ஷூக்காரர்கூடச் சிரித்தார்.

அப்போது நான் உட்கார்ந்திருக்க வேண்டும். எழுந்து நின்றுவிட்டேன். சொல்வதற்கு மனதில் மூட்டை மூட்டையாக இருந்தது. பதினெட்டு வருடத்துச் சேறு, உங்களில் ஒருத்தராவது ஒரு சவுக்காரம் வாங்கிக் கொடுத்தீர்களா, என் மகனுடைய முட்டி, எல்லாம். ஆனால் நாற்பது முகமும் என்னையே பார்த்தன. முகங்களைப் பார்க்கப் பயந்து ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். ஜன்னலுக்கு நேரே மலை. மேலே கோபுரம். மனுஷர்களைப் பார்த்துப் பேச வராததால் மலையைப் பார்த்துப் பேசினேன்.

“முருகா, இந்தக் கிளப்பு எங்க கைய வுட்டுப் போவக் கூடாது. நீதான் நிறுத்தி வெக்கணும். அடுத்த மேட்சுக்கு முன்னாடி டீமு மொத்தமும் உனுக்கு மொட்ட போடும்.”

வெளியூர்க்காரர்களுக்கு இது புரியாமல் இருக்கலாம். எங்கள் ஊரில் மலையைப் பார்த்து வாய்விட்டுச் சொல்லிவிட்டால் சொன்னதுதான். பொடியன் பரீட்சைக்காகச் சொன்னாலும் சரி, பெரியவர் மூட்டுவலிக்காகச் சொன்னாலும் சரி, திரும்ப வாங்கிக்கொள்ள முடியாது. ஹாலில் இருந்த நாற்பது பேரும் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். சிவப்புச் சட்டைகளும் போட்டுக்கொண்டார்கள். எதற்கென்று தெரியாமல் வெள்ளை ஷூக்காரரும் போட்டுக்கொண்டார்.

முதலில் சுதாரித்தவன் முனி. “இன்னா ஜெர்சியம்மா, ஊர் ஒலகத்துல காரியம் முடிஞ்சப்பறம்தான் மொட்ட போடுவாங்க. நீ காரியத்துக்கு முன்னாடியே குடுத்துட்டியே” என்றான்.

ஆமாம். கோபத்தில் வேண்டுதலைத் தலைகீழாக வேண்டியிருந்தேன்.

சீனு இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டான். அவன் எங்கள் சென்டர் பேக், கோலுக்கு முன்னால் நின்று தடுக்கிறவன். ஆறடி உயரம், தோளைத் தொடும் முடி. எதிர் டீம் கார்னர் அடிக்க ஓடிவருவதற்குள் அவன் ஒரு முறை தலையைக் கோதி முடித்திருப்பான். ஆந்திராவில் நகரிப் பக்கம் பெண் பார்த்து, இருபது நாளில் கல்யாணம்.

“மொட்டத் தலையோட போய் நின்னா பொண்ணோட நைனா என்ன வாசப்படி ஏத்த மாட்டாரும்மா” என்றான். அழுதுவிடுவான் போலிருந்தது.

செயலாளர் சந்தடியில்லாமல் ஃபைலை மூடினார். முடிவை மேட்சுக்கு அப்புறம் பார்த்துக்கொள்ளலாம், கடைசி மேட்சில் டிரா செய்தாலே மூன்றாம் டிவிஷனுக்கு இறங்காமல் இரண்டாம் டிவிஷனில் இருப்போம், கையெழுத்து அன்றே, என்றார். டீம் என்றால் செயலாளரும்தானே என்று முனி கேட்டான்.

“நான் நிர்வாகம்” என்றார் அவர். ஒரு கை தானாகத் தலைக்குப் போயிருந்தது. “அப்பிடிப் பாத்தா இந்தம்மாவும் தானே போடணும்?”

“ஆங். நான் மொதல்ல குந்துறேன்” என்றேன்.

செவ்வாய் வெள்ளியில் முடி இறக்க ஆகாது, மற்ற நாட்களில் பையன்களைத் தறி வேலையும் ஆட்டோ சவாரியும் விடாது. ஆகையால் மேட்ச் நடக்கிற ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே மலையேறினோம். பதினாறு ஆட்டக்காரர்கள், முன்னால் நான். முடி இறக்கும் இடத்தில் வரிசையாக உட்கார்ந்தார்கள். சீனு கண்ணை மூடிக்கொண்டு போன் எண்களை மனப்பாடம் சொல்வதுபோல ஏதோ முணுமுணுத்தான். பிறகுதான் தெரிந்தது, பெண்ணின் அப்பாவுக்குச் சொல்ல வேண்டிய தெலுங்கு என்று.

இதுவரை செய்தது ஒரு தப்பு. அடுத்ததைச் செய்தேன்.

மொட்டை போட்டால் சந்தனம் பூச வேண்டும். வெயிலில் ஆடப்போகிறார்களே, புதுத்தலை கொப்புளித்துவிடுமே என்ற கவலையில், ஒரு பிளாஸ்டிக் வாளி நிறையக் குழைத்துக்கொண்டு போயிருந்தேன். ஒவ்வொரு தலையிலும் விரல் கனத்துக்கு அப்பினேன். சாமி சந்தனம், மேட்ச் முடிகிறவரை எவனும் கழுவக் கூடாது என்று கண்டிப்பாகச் சொன்னேன். வாழ்க்கையில் நான் கண்டிப்பாகச் சொன்னது அதுதான் முதல் தடவை. எல்லாரும் கேட்டுக்கொண்டார்கள். கேட்டிருக்கவே கூடாது.

மூன்றரை மணிக்கு ஆட்டம். பதினொரு மஞ்சள் தலைகள் மைதானத்துக்குள் போனதும் எதிர் டீம்காரர்கள் சிரித்தார்கள். கொஞ்ச நேரத்தில் ரெஃபரி சிரிப்பதை நிறுத்தினார். யார் யாரென்று அவருக்குத் தெரியவில்லை. ஒரே ஃபவுலுக்கு மூன்று பேரிடம் மஞ்சள் அட்டையோடு போய், மூன்று பேரும் ‘நான் இல்லீங்க’ என்றதும் அட்டையைப் பையில் போட்டுக்கொண்டார். அந்த ஒன்றுதான் சந்தனத்தால் எங்களுக்குக் கிடைத்த லாபம்.

முதல் பாதி ஒன்றுக்கு ஒன்று. இரண்டாம் பாதியில் வியர்வை இறங்க ஆரம்பித்தது. காய்ந்திருந்த சந்தனம் மறுபடி கூழாகி நெற்றி வழியாகக் கண்ணுக்குள் போயிற்று. ஒருத்தன் கண்ணைக் கசக்கினால் பக்கத்திலிருப்பவனும் கசக்கினான். முனி அடிக்கடி முகத்தைத் துடைத்துத் துடைத்துக் கையுறை இரண்டும் மஞ்சளாகிவிட்டது. வெள்ளை ஷூக்காரர் குடைநிழலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் செயலாளர், மடியில் ஃபைல், தலையில் முடி.

இன்னும் சில நிமிடம் தாக்குப்பிடித்தால் போதும். கார்னர் கிடைத்தது, அவர்களுக்கு. சீனு பழக்கத்தில் கையைத் தலைக்குக் கொண்டுபோனான். கோதுவதற்கு ஒன்றும் இல்லை. அந்த ஒரு நொடி அவன் முகத்தில் வந்த துக்கத்தை நான் சுவரோரம் நின்று பார்த்தேன். பந்து வந்தது. எல்லாரையும் தாண்டி எழும்பினான். பந்தும் நேராக உச்சித்தலையில்தான் பட்டது. மயிர் இருந்திருந்தால் அது வெளியே போயிருக்கும். சந்தனத்தில் பட்டு, ஈரச் சோப்புக்கட்டி மாதிரி வழுக்கி, பின்னால் திரும்பி, எங்கள் கோலுக்கே போயிற்று. முனி பாய்ந்து பிடித்துவிட்டான். பிடித்தது கையுறையில் நிற்கவில்லை.

வலையில் கிடந்த பந்தில் சீனுவின் மண்டை அளவுக்கு ஒரு மஞ்சள் வட்டம்.

தோற்றோம். மூன்றாம் டிவிஷனுக்கு இறங்கினோம். அத்தனை பேரும் பந்தை விட்டுவிட்டு என்னைப் பார்த்தார்கள். மொட்டைத் தலையோடு ஒளிய இடமில்லாமல் நின்றேன். சிவப்புச் சட்டையில் ஒருவன், “ஜெர்சிய தொவைக்கச் சொன்னா டீமையே தொவச்சிட்டியேம்மா” என்றான். செயலாளர் என்ன சொன்னார் என்பதை எழுத முடியாது. வீட்டுக்கு வந்தேன். வழக்கம்போல மூட்டை சுவர் ஏறி வந்து விழுந்தது. ஒவ்வொரு காலரிலும் சந்தனக் கறை. தேய்த்தேன், போகவில்லை. என் கையால் ஒரு கிளப்பை ஒழித்துவிட்டேன் என்று அழுதுகொண்டே தேய்த்தேன்.

மறுநாள் காலை முனி வந்தான். தறிக்குப் போகிற வழியில் சைக்கிளை நிறுத்திவிட்டு, சுவரில் சாய்ந்துகொண்டு வயிற்றைப் பிடித்துச் சிரித்தான். எனக்குக் கோபம் தலைக்கேறிற்று. (ஏறுவதற்கு வழுவழுவென்று நல்ல பாதை வேறு.)

“மெட்ராஸ்காரன் கெளம்பிட்டான்மா. மூணாம் டிவிஷன் இடம் அவனுக்கு வாணாமாம். வேற ஊர்ல கேட்டுக்கினு இருக்கானாம். செயலாளர் போன் மேல போன் போட்டுப் பாத்தாரு, எடுக்கவே இல்ல.”

நான் சோப்பைக் கீழே வைத்தேன்.

“நீ மலையப் பாத்து இன்னா வேண்டிக்கின?”

“கிளப்பு நம்ம கைய வுட்டுப் போவக் கூடாதுன்னு.”

“ஜெயிக்கணும்னு வேண்டிக்கினியா?”

“இல்ல.”

“அவ்ளோதான்” என்று சைக்கிளில் ஏறிவிட்டான்.

சந்தோஷப்பட்டேன் என்று எழுதினால் பொய். இன்னும் கோபமாகத்தான் இருந்தது. வெள்ளை ஷூவின்மேல், சிரித்தவர்கள்மேல், இதைச் செய்ய சீனுவின் தலைதான் கிடைத்ததா என்று முருகன்மேலும். சீனுவின் கல்யாண போட்டோவில் முள்முள்ளாய் முளைத்த தலையும், பக்கத்தில் முறைக்கும் மாமனாரும் இருக்கிறார்கள். அவன் மகள் அந்தப் போட்டோவைக் காட்டி, “ஜெர்சி ஆயா பண்ணது” என்று வருகிறவர்களுக்கெல்லாம் சொல்கிறது.

கிளப் இன்னும் எங்களிடம்தான் இருக்கிறது. மூன்றாம் டிவிஷனில் இருக்கிறது, ஏறவில்லை. என்னை மெம்பர் ஆக்கிவிட்டார்கள். கூட்டம் என்றால் முனி முதலில் ஜன்னலைச் சாத்திவிட்டுத்தான் என்னைப் பேசச் சொல்வான். வீட்டிலும் அப்படித்தான். குழம்பில் உப்பு சரியில்லை என்று நான் குரலை உயர்த்தினால்கூட, என் பெரியவன் ஓடிவந்து, “அம்மாவ மலைப் பக்கம் திருப்பாதீங்க, மொதல்ல ரோட்டுப் பக்கம் திருப்புங்க” என்று நாற்காலியோடு தூக்குவான்.

அந்தக் கோல் எத்தனையாவது நிமிடத்தில் விழுந்தது, முதல் கோல் போட்டது யார் என்பதெல்லாம் எனக்குத் தெளிவாக இல்லை. தெரிந்தவர்கள் யாராவது சரிபார்த்துத் திருத்தவும். முனியிடம் கேட்கலாம். செயலாளரிடம் மட்டும் கேட்க வேண்டாம். கிளப்பைக் காப்பாற்றத் தானும் அன்று மொட்டை போட்டதாக இப்போது ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறார். அன்று எடுத்த குரூப் போட்டோ என் மகனிடம் இருக்கிறது. அதையும் ஒரு முறை வாங்கி, மொட்டைத் தலைகளை எண்ணிப் பார்த்துவிடவும்.