பிரசவக் கொட்டகையில் ஒரு விசாக் கொள்கை

கன்றுகள் எல்லா நாட்டிலும் பிறக்கின்றன. ஆனால் இரண்டு தேர்தல் வேட்பாளர்களின் நேரடி மேற்பார்வையில், கொள்கை விளக்கக் கூட்டத்தின் நடுவில் பிறக்கும் பேறு அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் எங்கள் டன்கல் மாவட்டத்துக் கன்றுக்கு மட்டுமே வாய்த்தது. அந்தச் சரித்திர நிகழ்ச்சியை நான் வெகு அருகில் நின்று பார்த்தேன். சாணி அள்ளுகிறவனுக்கு எப்போதும் முதல் வரிசைதான்.

ஆகஸ்ட் கண்காட்சியில் ‘பிரசவக் கொட்டகை’ என்று ஒன்று வைப்போம். நிறைசினைப் பசுக்களைக் கொண்டுவந்து கட்டிவிட்டால், ஜனங்கள் சுற்றிப் பெஞ்சு போட்டு உட்கார்ந்து, வறுத்த சீஸைத் தின்றபடி கன்று வருவதைப் பார்ப்பார்கள். கூட்டம் கூடினால் தலைவர்களும் கூடுவார்கள். இந்த வருஷம் அவர்கள் கொண்டுவந்த கேள்வி: திறமையுள்ள வெளிநாட்டாருக்கு வேலை விசா கொடுக்கலாமா, கூடாதா?

மாண்புமிகு ரான்டல் ஸ்க்ரூட் கூடாது என்ற கட்சி.

“எதுக்குங்க வெளியாளு? நம்ம கை என்ன பூப்பறிக்கவா இருக்கு? இந்த மண்ணுல எந்த வேலையையும் நம்ம கையே செய்யும்!” என்று கையை உயர்த்திக் காட்டினார். வெள்ளையான, மெல்லிய, இதுவரை எந்த வேலையாலும் களங்கப்படாத கை.

மாண்புமிகு காரின் வெட்ஸல் கொடுக்கலாம் என்ற கட்சி. “உலகத்துல இருக்கிற கெட்டிக்காரங்க எல்லாரும் வரட்டும். யாரு, எத்தனை பேரு, எப்பன்னு ஒரு குழு முடிவு செய்யும்.”

“குழுவை யாரு போடுவா, மேடம்?” என்று பெஞ்சிலிருந்து ஒருவர் கேட்டார்.

“அதுக்குத்தான் முதல்ல ஒரு குழு.”

இப்படி நாட்டின் எதிர்காலம் தெளிவாகிக்கொண்டிருந்தபோது ட்ரூடி என்ற பசு கத்தியது. ட்ரூடிக்கு அரசியல் ஞானம் போதாது.

ட்ரூடியின் சொந்தக்காரி லவேர்ன். கணவன் போனபின் தனியாளாகப் பண்ணை நடத்துகிறவள். போன வாரம் ஒரு கிடாரி உதைத்ததில் வலது கை மாவுக்கட்டில் இருந்தது. குனிந்து பார்த்தவள் என் பக்கம் திரும்பிக் கத்தினாள்.

“கால் ரெண்டும் வந்துருச்சு, தலையக் காணோம். பின்னால திரும்பிக் கெடக்கு. டாக்டரக் கூப்பிடு, ஆர்வில்!”

டாக்டரைக் கூப்பிட வேண்டியதில்லை. மாவட்டத்தின் ஒரே மாட்டு டாக்டர் இனெஸ் பெரேடா, உருகுவே நாட்டுப் பெண்மணி, கொட்டகையிலேயே இருந்தார். ஆனால் பார்வையாளராக இருந்தார். அவருடைய விசாவைப் புதுப்பிக்க முடியாது என்று முந்தின நாள்தான் பதில் வந்திருந்தது. மூட்டை கட்டும்வரை ஊரில் இருக்கலாம், சீஸ் தின்னலாம். வேலை செய்யக் கூடாது. மாட்டைத் தொட்டால் வேலை.

எழுந்தவரை வெட்ஸல் பதறித் தடுத்தார். “டாக்டர், உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன். இப்ப தொட்டீங்கன்னா அப்புறம் எப்பவுமே திரும்ப வர முடியாது.”

“அப்ப யாருங்க தொடுறது?” என்றாள் லவேர்ன்.

நான் முன்வந்தேன். லவேர்ன் என் கையைப் பார்த்தாள். “உன் கை மம்பட்டி மாதிரி இருக்கு. உள்ள போனா மாடு செத்துரும்.” பிறகு அவள் பார்வை மெதுவாகத் திரும்பி, இன்னும் உயர்ந்தே இருந்த ஒரு கையில் போய் நின்றது.

“ஸ்க்ரூட் ஐயா, நம்ம கையே போதும்னீங்களே.”

“அம்மா, அது ஒரு... கொள்கை.”

“கோட்டைக் கழட்டுங்க.”

பெஞ்சுகள் கைதட்டின. கைதட்டலை மறுத்து அவருக்குப் பழக்கமில்லை. தோள்வரை வழுவழுப்பான எண்ணெயைப் பூசிவிட்டேன். கண்ணை மூடிக்கொண்டு அவர் தம் கொள்கையை நிறைவேற்றத் தொடங்கினார்.

“ஐயோ, சூடா இருக்கே! என்ன பண்ணணும்? யாராச்சும் சொல்லுங்களேன்!”

இனெஸ் வாய் திறந்தார். “சொல்றதும் வேலைதான்,” என்றார் வெட்ஸல் வருத்தத்தோடு. “ஆலோசனைன்னு விதியில தெளிவா இருக்கு.”

இனெஸ் கொஞ்சம் யோசித்தார். பிறகு மாட்டுக்கு முதுகைக் காட்டி என் பக்கம் திரும்பினார்.

“ஆர்வில், உனக்கு ஒரு கதை சொல்றேன். எங்க ஊர்ல ஒருத்தர் இருந்தார். கன்னோட தலை திரும்பிக் கெடந்தா, மாடு முக்காம இருக்கிற நேரமாப் பாத்து, முதல்ல கன்னை உள்ள தள்ளுவார்.”

“தள்ளுறேன், தள்ளுறேன்!” என்றது மாட்டின் பின்புறத்திலிருந்து ஒரு குரல்.

“அப்புறம் மூக்கைத் தேடுவார். பல்லு கர்ப்பப்பையக் கிழிக்காம உள்ளங்கையால மூடிக்கிட்டு, தலைய இந்தப் பக்கம் கொண்டுவருவார்.”

“கடிக்குதுங்க! அவரையும் கடிச்சுதா?”

“கடிக்கும். அவர் கைய எடுக்க மாட்டார்.”

வெட்ஸல் சும்மா இருக்கவில்லை. வாலைப் பிடித்துக்கொண்டார். எந்தப் பக்கமும் சாயாமல் பிடித்துக்கொண்டார். கதையில் வந்தவர் மாடு முக்கும்போது மட்டும் கால்களை இழுத்தார், ஸ்க்ரூட்டும் இழுத்தார். கன்று வழுக்கிவந்து அவர் மடியில் விழுந்தது. மூக்கைத் துடைத்ததும் தும்மியது. லவேர்ன் நல்ல கையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள்.

வேட்பாளர்கள் அழவில்லை. கேமராக்கள் வந்துவிட்டன.

“வெளிநாட்டுக் கை படாம பொறந்த கன்னு!” என்று முழங்கினார் ஸ்க்ரூட். அவர் காதில் ஏதோ ஒட்டியிருந்தது.

“உலக அனுபவம் உள்ளூர்க் கையோட சேர்ந்த கன்னு,” என்று திருத்தினார் வெட்ஸல், வாலை விடாமல்.

“அதெல்லாம் சரி. இந்த டாக்டர் பொண்ணு இங்கயே இருக்க ஏதாவது செய்வீங்களா?” என்றாள் லவேர்ன்.

“இப்பத்தான் நிரூபிச்சேனே, நமக்கு ஆளு தேவையில்ல,” என்றார் ஸ்க்ரூட்.

“முழு மனசோட ஆதரிக்கிறேன். குழு கூடட்டும்,” என்றார் வெட்ஸல்.

ஒரு நிருபர் கன்றின் தகப்பன் யார் என்று கேட்டார்.

“டச்சுக் காளை. ஹாலந்துலயே நிக்குது. சினை ஊசிதான். விந்த மட்டும் குழாய்ல உறைய வச்சு அனுப்புவாங்க,” என்றாள் லவேர்ன்.

வேட்பாளர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அன்று முதன்முறையாகக் கருத்து வேற்றுமை நீங்கியது.

“இதை நான் எதிர்க்கவே மாட்டேன்,” என்றார் ஸ்க்ரூட். “தரமான சரக்கு. வீடு கேக்காது. பொண்டாட்டி புள்ளையக் கூட்டிட்டு வராது.”

“விசாவும் வேண்டாம், குழுவும் வேண்டாம்,” என்றார் வெட்ஸல். “முன்மாதிரியான ஏற்பாடு.”

இரு கட்சிகளும் கைகுலுக்கின. அப்படி ஒரு தேசிய ஒற்றுமையை என் ஆயுளில் பார்த்ததில்லை. அதே உற்சாகத்தில் இருவரும் ஒரே வண்டியில் மீன் வறுவல் விருந்துக்குப் புறப்பட்டார்கள். இனெஸ் கன்றைத் தூரத்திலிருந்தே ஒருமுறை பார்த்துவிட்டு, மூட்டை கட்டப் போனார்.

வண்டி வாசலைத் தாண்டியிருக்காது, அடுத்த கொட்டிலில் இன்னொரு பசு முக்க ஆரம்பித்தது. கன்றின் வால் மட்டும் வெளியே தெரிந்தது. காலையும் காணோம், தலையையும் காணோம்.

லவேர்ன் மாவுக்கட்டுக் கையோடு வாசலுக்கு ஓடி, புழுதிக்குள் மறையும் வண்டியைப் பார்த்துக் கத்தினாள்:

“யோவ், போறதுதான் போறீங்க, அந்தக் குழாயயாவது அனுப்பிட்டுப் போங்கய்யா! வந்து கையைவிட்டு இழுக்கட்டும்!”