பொடியின் வலது கை

விழுப்புரத்தில் பொடி கை வைக்காத சுவர் என்று ஒன்று இருந்தால், அது இன்னும் கட்டி முடிக்காத சுவராகத்தான் இருக்கும்.

மூக்குப்பொடிக்கும் அவனுக்கும் சம்பந்தமில்லை. நான் பில் போட்டுக்கொண்டிருந்த பெயின்ட் கடையில் அவன் கவுன்டரில் நின்றான். எந்த வெளிச்சுவரைக் கண்டாலும் உள்ளங்கையால் ஒரு இழுப்பு இழுப்பான். வெள்ளை ஒட்டினால் கையை வீட்டுக்காரரிடமே நீட்டி, "பொடி வருதுங்க" என்பான். பெயர் அப்படித்தான் வந்தது. ஞானஸ்நானப் பெயர் அவன் அம்மாவுக்கும் பங்குச் சாமியாருக்கும் மட்டும் தெரியும்.

வெள்ளை பெயின்ட் கேட்டு வருகிறவர்கள் பாடு திண்டாட்டம்.

"வெள்ளைன்னா எல்லாம் ஒண்ணு இல்லீங்க. பெயின்ட்டுக்கு வெள்ள குடுக்கிறது டைட்டானியத் தூளு. அதுல ரெண்டு தினுசு. அனடேஸ் வீட்டுக்குள்ள இருக்கிற வரைக்கும் சாது. வெயில்ல வுட்டீங்க, கூட இருக்கிற பசையத் தின்னுட்டு செவுத்த மாவாக்கிடும். ரூட்டைல்தான் வெளிய நிக்கும்."

அவன் பேசுவதைக் கேட்டால், அனடேஸ் என்பது வரப்புத் தகராறு தீராத பங்காளி ஒருவனின் பெயர் என்றுதான் தோன்றும்.

ஒரு துக்க வீட்டில் சுவரில் கை வைத்துத் தலைகுனிந்து நின்றான். துக்கம் தாங்கவில்லை போலிருக்கிறது என்று ஒரு பெரியவர் தோளைத் தட்டினார். "பெயின்ட் அடிச்சு ரெண்டு வருஷம்கூட ஆயிருக்காதுங்க, அதுக்குள்ள பொடி" என்றான். பெரியவர் பந்தலின் மறுகோடிக்குப் போய்விட்டார்.

ஊருக்கு இதெல்லாம் வேடிக்கை. அவன் அம்மாவுக்கு வயிற்றெரிச்சல். முப்பத்தைந்து தாண்டியும் கல்யாணமாகவில்லை. கண்டாச்சிபுரத்தில் பெண் பார்க்கப் போனபோது, பெண் வெளியே வருவதற்குள் வாசல் சுவரைத் தடவி, அவள் அப்பாவிடம் கையைக் காட்டினான். காபியே வரவில்லை.

அடுத்தது திண்டிவனம். கிளம்பும்போது அவன் அம்மா என்னிடம் அழுதேவிட்டார். "இதுவும் போச்சுன்னா இவன் தனிக்கட்டதாம்பா. நீ அவன் கையப் புடிச்சுக்கோ, வுட்டுடாத!"

நான் சொன்னதைச் சொன்னபடி செய்கிறவன். மூவரும் பஸ்ஸை விட்டு இறங்கும்போது பிடித்த வலது கையைப் பெண் வீட்டு வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்த பிறகும் விடவில்லை. காபியைக்கூட அவன் இடது கையால்தான் வாங்கினான். பெண்ணின் அத்தை முகம் சுளித்தார்.

பெண்ணின் அப்பா ரிட்டயரான கண்டக்டர். பின்னாலிருந்த வெள்ளைச் சுவரைப் பெருமையாகக் காட்டினார். "போன கிறிஸ்துமஸுக்கு அடிச்சது. சல்லிசா கெடச்சுது." என் பிடிக்குள் பொடியின் விரல்கள் துடித்தன.

அப்போது காபித் தட்டோடு நின்றிருந்த பெண் ஸ்டெல்லா என்னைப் பார்த்தாள். "அண்ணா, அவரு கைய வுடுங்க."

நான் இன்னும் இறுக்கினேன்.

"கண்டாச்சிபுரம் கதை எங்களுக்கும் வந்துச்சு. தடவிப் பாக்கட்டும். பாத்துட்டு இன்னா சொல்றாருன்னு கேக்கணும்."

விட்டேன். எழுந்து போனான். ஒரே இழுப்பு. உள்ளங்கை முழுக்க வெள்ளை. அவன் அம்மா ஜெபமாலையைத் தேடினார். பொடி கண்டக்டரைப் பார்த்தான், அம்மாவைப் பார்த்தான், வாழ்க்கையில் முதன்முறையாகப் பொய் சொல்லத் தயாரானான்.

"செவுரு ரொம்ப நல்லா இருக்குது மாமா..."

நெற்றி வியர்த்தது.

"...உள்பக்கம்."

ஸ்டெல்லா சிரித்த சிரிப்பில் அத்தையும் சிரித்துவிட்டார். "எம்மாம் கஷ்டப்படுறாரு பாருப்பா! இவருக்குப் பொய்யே வராது. எனக்குப் புடிச்சிருக்கு."

"அப்போ என் செவுரு?" என்றார் கண்டக்டர் பரிதாபமாக.

"ரூட்டைல் போட்டு நானே அடிச்சுத் தர்றேன் மாமா" என்றான் பொடி, ஜல்தியாக.

கல்யாணம் திண்டிவனத்திலேயே நடந்தது. பீடத்துக்கு முன்னால் சாமியார் இருவரையும் வலது கையைப் பிடிக்கச் சொன்னார். பொடி கையை நீட்டினான். பளீரென்று வெள்ளை. உள்ளே வருகிற வழியில் கோயில் சுவரைத் தடவிவிட்டுத்தான் வந்திருக்கிறான், பாவி.

ஸ்டெல்லா அந்தக் கையைப் பார்த்தாள். துடைக்கச் சொல்லவில்லை. அப்படியே பிடித்துக்கொண்டாள்.

இனி அந்தக் கையை நான் பிடித்துக்கொண்டு அலைய வேண்டியதில்லை என்று நினைத்தேன். சந்தோஷமாகத்தான் இருந்தது. கொஞ்சம் அழுகையும் வந்தது.