சாட்சி சொன்ன பச்சைக்கல்

ஒரு மண்டலம், அதாவது நாற்பத்தெட்டு நாள், சுருட்டைத் தொடுவதில்லை என்று சபதம் எடுத்தேன். எடுத்தது நான். எடுக்க வைத்தது என் மனைவி அஞ்சலாட்சி. என் இருமல் கடற்கரை வரை கேட்கிறதாம்.

பந்தயமும் அவளே வைத்தாள். பிரெஞ்சுக் கொடி இறங்கிய மறுவருஷம், சைகோன் உத்தியோகத்தை முடித்துக்கொண்டு புதுச்சேரிக்குத் திரும்பியபோது நான் கொண்டுவந்த சொத்து இரண்டு மோதிரங்கள். அவளுக்கு ஓப்பல், எனக்குப் பச்சை தூர்மலின். சபதம் நிறைவேறினால் பச்சைக்கல் என்றைக்கும் என் விரலில். நடுவில் ஒரே ஒரு சுருட்டு பிடித்தாலும் அது அவள் விரலுக்குப் போய்விடும்.

அத்தோடு நான் சும்மா இருந்திருக்கலாம். இரண்டு பாஷையில் படித்தவனுக்குச் சும்மா இருக்க வராது. கற்களைப் பற்றிய பிரெஞ்சுப் புத்தகம் ஒன்றை எடுத்து வைத்துக்கொண்டு அவளுக்குப் பாடம் நடத்தினேன். ஓப்பலுக்குள் தண்ணீர் இருக்கிறது; அடுப்புச் சூடு பட்டால் விரிசல் விடும். மென்மையான கல், மணலோ சாம்பலோ உரசினால் கீறல் விழும். எண்ணெய், சவுக்காரம் எதுவும் ஆகாது. ஈரத் துணியால் ஒற்றி எடுத்தால் போதும். என் தூர்மலின் அப்படியில்லை, முரட்டுக் கல். வெதுவெதுப்பான சவுக்காரத் தண்ணீரில் தாராளமாகக் கழுவலாம். அதற்கு ஒரே ஒரு விசித்திர குணம். சூடேறினால் சாம்பல், தூசி எது கிடைத்தாலும் இழுத்து மேலே ஒட்டவைத்துக்கொள்ளும்.

அஞ்சலாட்சி ஒரு வரி விடாமல் கேட்டாள். மறுநாளே சட்டமாக்கினாள்.

மோதிரத்தைக் கழற்றி வைத்துவிட்டுச் சமைக்கலாமே என்றேன். பெட்டியில் பூட்டவா கடல் தாண்டிக் கொண்டுவந்தீர்கள் என்றாள். விறகடுப்பு அணைந்தது, பம்ப் ஸ்டவ் வந்தது. அந்தச் சூடும் ஓப்பலுக்கு ஆகாதென்பதால் ஸ்டவ் முன்னால் நின்றது நான். சாம்பல் வாசல்படி தாண்டக்கூடாது, சவுக்காரமும் ஓப்பலுக்கு ஆகாது என்பதால் பாத்திரங்களைச் சவுக்காரம் போட்டுத் தேய்த்ததும் நான். சைகோனில் எனக்குக் கீழே நாலு குமாஸ்தாக்கள்.

நாற்பத்தோராம் நாள் அவள் தங்கை கொளஞ்சி வருகிறாள் என்று முறுக்கு. காலையிலிருந்து மாவு சலித்து, பிசைந்து, பிழிந்து, எண்ணெய்ச் சட்டி முன்னால் வெந்து முடித்தபோது எனக்கு வாழ்க்கையே வெறுத்துவிட்டது. பெருமாள் கோயிலுக்குப் போய்வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போட்ட சட்டையோடு கடற்கரைக்குப் போனேன். பழைய சிநேகிதன் தேவதாஸ் உட்கார்ந்திருந்தான். கையில் சுருட்டு. பையில் இன்னொன்று.

அதற்கப்புறம் நடந்ததற்குக் கடல் சாட்சி. நாலு கிராம்பை மென்று, காற்று வரும் பக்கம் பார்த்துக் கால்மணி நேரம் நின்றுவிட்டுத்தான் வீடு திரும்பினேன்.

அஞ்சலாட்சி மோந்து பார்க்கவில்லை. என் கையைத்தான் பார்த்தாள்.

"ஏங்க, மோதிரத்துல வெள்ளையா என்னமோ ஒட்டிக்கிட்டு இருக்கே?"

பார்த்தேன். பச்சைக்கல்லைச் சுற்றி வெளுப்பாக ஒரு படலம். என் பாடத்தை அவளைவிடக் கல் நன்றாகப் படித்திருக்கிறது.

"அடுப்புச் சாம்பலா இருக்கும்."

"அடுப்பு அணைஞ்சு மாசம் ஆச்சே."

"பாத்திரம் தேய்ச்சேன்ல?"

"சவுக்காரம் போட்டு இல்ல தேய்க்கிறீங்க?"

"அதான், கோயில்ல விபூதி குடுத்தாங்க. அதுவா இருக்கும்."

"பெருமாள் கோயில்லியா?"

இனி எந்தச் சாம்பலைத் தேடுவது? உலகத்தில் மிச்சமிருந்தது ஒன்றுதான்.

"தேவதாஸ்தான் நீட்டினான்," என்றேன். "பாதிதான் புடிச்சேன், அஞ்சலாட்சி. சத்தியமா பாதிதான்."

கையை நீட்டினாள். மோதிரத்தைக் கழற்றி உள்ளங்கையில் வைத்தேன். ஓப்பலுக்குப் பக்கத்து விரலில் போட்டு அழகு பார்த்தாள். பிறகு கல்லை ஒரு விரலால் வழித்து நாக்கில் வைத்துக்கொண்டாள்.

"அரிசி மாவுங்க," என்றாள். "காலைல நீங்கதான சலிச்சீங்க?"