தொலைபேசி எண்ணைப் பார்க்க வந்த மாப்பிள்ளை

மதிப்பிற்குரிய மச்சான் அவர்களுக்கு,

இங்கு நானும் உங்கள் தங்கையும் மகளும் நலம். அங்கும் எல்லோரும் நலமாக இருப்பீர்கள், இக்கடிதம் அதைக் கெடுக்காது என்று நம்பி எழுதுகிறேன். தாங்கள் பார்த்து அனுப்பிய கணக்கு வாத்தியார் மாப்பிள்ளை நமக்கு வேண்டாம். கோபப்படாமல் காரணத்தைப் படியுங்கள்.

வந்தவர் நல்ல பிள்ளையாகத்தான் செருப்பைக் கழற்றினார், போன் மேசைக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார், மகளும் தேநீர் கொண்டுவந்தாள், வேறு எவனாக இருந்தாலும் பெண்ணைப் பார்ப்பான், இவரோ போனில் ஒட்டியிருந்த நம் எண்ணைப் பார்த்தார். 73939133. பார்த்தவர் பார்த்தபடியே இருந்தார், தேநீரில் ஆடை கட்டிவிட்டது. "மாமா, இது பகா எண்! ஒண்ணையும் அதையும் விட்டா வேற எதாலயும் மீதியில்லாம வகுக்க முடியாது. கடைசி இலக்கத்தை எடுத்துடுங்க, மிச்சமும் பகா எண்தான். இன்னொண்ணை எடுங்க, அப்பவும் அப்படித்தான். ஏழு மட்டும் நிக்கற வரைக்கும் இதே கதை! இந்த ஜாதியில இதைவிடப் பெரிய எண்ணே கிடையாது மாமா!" என்றார். கண்ணைத் துடைத்துக்கொண்டார். பெண் பார்க்க வந்த இடத்தில் போனைப் பார்த்துக் கண் கலங்குகிறவரை என்னவென்று நினைப்பது? வேலைக்காலம் முழுவதும் கிடங்கு வாசலில் நின்று அடுத்தவர் பையைச் சோதித்தவன் நான். இவருக்குக் குறி மகள் இல்லை, போன் இணைப்பு.

அவர் போனதும் நானே உட்கார்ந்து சோதித்தேன். பையை வாய்ப்பக்கமிருந்து பிரித்தே பழகிய கை, எண்ணையும் முன்னாலிருந்து ஒவ்வோர் இலக்கமாக எடுத்தேன். ஓரிடத்தில் 33 நின்றது. மூன்றால் வகுத்தேன், பதினொன்று, மீதியே இல்லை! "மாட்டிக்கிட்டான்!" என்று நான் போட்ட சத்தத்தில் உங்கள் தங்கை கரண்டியோடு ஓடி வந்தாள். "அவரு பின்னாடியிருந்துதானே எடுக்கச் சொன்னாரு?" என்று கேட்கிறாள். நேர்மையான எண் என்றால் எந்தப் பக்கம் பிரித்தாலும் நேர்மையாக இருக்க வேண்டாமா? மகளிடம் முடிவைச் சொன்னேன். உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அவள் முகம் வாடினால் எனக்குத் தாங்காது. ஆனாலும் ஓர் எண்ணுக்காக வருகிறவருக்கு அவளைக் கொடுக்க மனம் வரவில்லை. நாசூக்காக மறுத்துவிடுங்கள்.

பெரியவர்களுக்கு வணக்கம், சின்னவர்களுக்கு ஆசி, இரண்டிலும் சேராதவர்களுக்கு விசாரிப்பு.

இப்படிக்கு,
தங்கள் தங்கை கணவன்

பி.கு.: மறுக்க வேண்டாம். உறையை ஒட்டப் போகும்போது மகள் வந்தாள். "அந்த நம்பர் விஷயம் ஸ்கூல்ல படிக்கும்போதே எனக்குத் தெரியும்பா. நானே வகுத்து வகுத்துக் கண்டுபிடிச்சேன். சொன்னா யாரு கேப்பான்னு விட்டுட்டேன். எத்தனை பேரு வந்து அதே நாற்காலியில உக்காந்தாங்க, இவரு ஒருத்தர்தான் பாத்தாரு" என்றாள். உடனே சம்மதம் சொல்லி நாள் குறியுங்கள். மாப்பிள்ளை மேல் இருந்த சந்தேகம் தீர்ந்தது. இப்போது என் சந்தேகமெல்லாம் மகள் மேல்தான். இந்த வீட்டில் இன்னும் என்னென்ன கண்டுபிடித்து, சொல்லாமல் வைத்திருக்கிறாளோ.