முன் அனுமதி பெறாத மன்னிப்பு

எங்கள் அலுவலகப் பதிவறை எழுத்தரும் அவருடைய அண்ணனும் நாலு வருடமாகப் பேசிக்கொள்ளவில்லை. காரணம் ஓர் ஏணி. இரவல் வாங்கிப்போன தம்பி ஒரு படி குறைத்துத் திருப்பித் தந்தார் என்பது அண்ணன் கட்சி. வாங்கும்போதே அப்படித்தான் இருந்தது என்பது தம்பி கட்சி. ஒரு ஞாயிற்றுக்கிழமை எழுத்தர் சட்டையை மாட்டிக்கொண்டு நேரே போய், "அண்ணே, படியை நான்தான் ஒடச்சேன்" என்றார்.

"தெரியும். உள்ள வா" என்றார் அண்ணன்.

திங்கட்கிழமை சுற்றறிக்கை வந்தது. ஊழியர் ஒவ்வொருவரும் தம் வாழ்க்கையிலுள்ள குறை ஒன்றைத் தொண்ணூறு நாட்களுக்குள் சீர்செய்து அறிக்கை தர வேண்டும். மேலிடத்தில் யாரோ பயிற்சி முகாமுக்குப் போய்வந்ததன் விளைவு. எழுத்தர் பெருமையாகக் கண்காணிப்பாளர் முன் போய் நின்றார்.

"நான் நேத்தே முடிச்சிட்டேன் சார்."

"யாரைக் கேட்டு?"

"யாரையும் கேக்கலையே சார்."

"அப்ப அந்தச் சமாதானம் செல்லாது. முதல்ல குறை இருக்குன்னு நாங்க நேர்ல பாக்கணும். பழைய நிலைக்குத் திரும்புங்க."

அண்ணன் தங்கமானவர். "உன் வேலைக்கு ஒண்ணுன்னா சண்டை போட்டுட்டாப் போச்சுடா" என்றார்.

புதன்கிழமை கண்காணிப்பாளர் படிவத்தோடு அண்ணன் வீட்டு நாற்காலியில் அமர்ந்தார். சாட்சிக் கையெழுத்துக்கு நானும் போயிருந்தேன். சகோதரர்கள் ஏணியில் ஆரம்பித்தார்கள். சூடு போதவில்லை, கண்காணிப்பாளர் கொட்டாவி விட்டார். தம்பியின் வேலையைக் காப்பாற்றும் ஆவேசத்தில் அண்ணன் கத்தினார்: "அப்பா ஆஸ்பத்திரியில கெடந்த பத்து நாளும் எங்கடா போனே?"

இது ஒத்திகையில் இல்லாதது. எழுத்தருக்கு முகம் வெளுத்துவிட்டது.

"பயமா இருந்துச்சுண்ணே. வாசல் வரைக்கும் வருவேன், திரும்பிடுவேன். தப்புதாண்ணே."

அண்ணன் எழுந்து வந்து தம்பியின் தோளைப் பிடித்துக்கொண்டார். இரண்டு பேரும் அழுதார்கள்.

கண்காணிப்பாளர் கடிகாரத்தைப் பார்த்தார். "குறை நிலவிய நேரம் நாலு நிமிடம். அனுமதியின்றி நிவர்த்தி, இரண்டாம் முறை" என்று எழுதினார். எழுத்தருக்குப் பதவி உயர்வு நின்றது. மனிதர் சீட்டியடித்துக்கொண்டு வேலைக்கு வருகிறார்.

மற்றவர்கள் விதிப்படி விண்ணப்பித்துக் காத்திருக்கிறோம். கண்காணிப்பாளர் தன் மகளோடு பேச விண்ணப்பித்தார். ஆவணம் போதாதென்று அவரே அதைத் திருப்பிவிட்டார். எனக்கும் என் மச்சானுக்கும் ஆறு வருடமாகப் பேச்சில்லை. படிவத்தில் 'தவறு யாருடையது?' என்ற கேள்விக்கு ஒரே ஒரு வரிதான் இடம் விட்டிருக்கிறார்கள். மச்சானின் தவறுகளை எழுத அது எப்படிப் போதும்? கூடுதல் தாள் கேட்டிருக்கிறேன்.